ஸ்நாப் பணம் ஏன் வரவில்லை: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஸ்நாப் உணவு உதவி வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை இங்கே. திட்டம் மத்திய வேளாண்மைத் துறையுடையது, நடத்துவது மாநிலம். அதனால் பணம் ஏறும் தேதியும் படிவத்தின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 30 நாள், 10 நாள் போன்ற கெடுக்கள் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான்.

கேள்வி: நாங்க கலிஃபோர்னியா. போன மாசம் 3ஆம் தேதி பணம் ஏறுச்சு. இன்னிக்கு 5 ஆகியும் வரல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு 1ஆம் தேதியே வந்துடுச்சு. பாங்க் லீவு காரணமா இருக்குமா?

லீவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கலிஃபோர்னியாவில் ஞாயிறானாலும் பண்டிகையானாலும் பணம் ஏறும். கேஸ் நம்பரின் கடைசி எண்தான் தேதி: 1 என்றால் 1ஆம் தேதி, 0 என்றால் 10. பக்கத்து வீட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் தேதி 3 என்று உறுதியாகத் தெரிந்தும் இரண்டு நாள் தாண்டிவிட்டது என்றால், பணம் வழியில் எங்கும் சிக்கிக்கொண்டிருக்கவில்லை, பெரும்பாலும் கேஸ்தான் நின்றிருக்கும். ஸ்நாப் பணம் ஏறும் ஈபிடி கார்டின் பின்னால் உள்ள நம்பரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பயனில்லை. அவர்களுக்கு மீதி எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும், ஏன் வரவில்லை என்று தெரியாது. பெனிஃபிட்ஸ்கால் தளத்தில் உள்ளே போய் கேஸ் நிலையையும் கடைசி நோட்டீஸையும் பாருங்கள்.

பெரும்பாலும் அகப்படுவது சார் 7 என்ற அரையாண்டு அறிக்கை. அதற்குரிய மாதத்தின் 5ஆம் தேதி கெடு, மாத முடிவுக்குள் முழுமையாகச் சேராவிட்டால் அடுத்த மாதப் பணம் நிற்கும். "அனுப்பிட்டோமே" என்பார்கள். கையெழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது சம்பளச் சீட்டு இணைத்திருக்க மாட்டார்கள். பாதி நிரப்பிய படிவம் வராத படிவத்துக்குச் சமம். நின்ற மாதத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டால் புது விண்ணப்பம் தேவைப்படாது, ஆனால் கொடுத்த நாளிலிருந்துதான் பணம் கணக்காகும். எனவே இன்றே கொடுங்கள்.

மற்ற மாநிலக்காரர்களுக்கும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. சான்றளிப்புக் காலம் (உதவிக்கு ஒப்புதல் தந்த மாதங்கள்) முடிகிறது என்று நோட்டீஸ் வந்தால், கடைசி மாதத்தின் 15ஆம் தேதிக்குள் புதுப்பிப்பு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் இடைவெளி விழாது.

கேள்வி: புதுசா விண்ணப்பிச்சு 25 நாள் ஆச்சு. இன்டர்வியூக்கு யாருமே கூப்பிடல. கையில பணமே இல்ல. எவ்வளவு நாள் பொறுக்கணும்?

பொறுக்காதீர்கள். பெயர், முகவரி, கையெழுத்தோடு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் கணக்கு, இன்டர்வியூ நாளிலிருந்து அல்ல. "யாருமே கூப்பிடல" என்றால் தவறிய அழைப்புகளை ஒருமுறை பாருங்கள். அலுவலக நம்பர் பல சமயம் தெரியாத நம்பராகத்தான் வரும், விளம்பரக் கால் என்று நினைத்து விட்டுவிடுவோம். இன்டர்வியூ தவறினால் அதற்கென்று நோட்டீஸ் அனுப்புவார்கள். மறுபடி தேதி கேட்பது உங்கள் பொறுப்பு. கேட்காவிட்டால் 30ஆம் நாள் நிராகரிப்புதான். ஆவணம் கேட்டால் குறைந்தது 10 நாள் தர வேண்டும். ஆவணக் குறையால் நிராகரித்திருந்தால்கூட, விண்ணப்பித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதைக் கொடுத்தால் பழைய விண்ணப்பத்தையே திறக்கலாம்.

உங்களுக்கு அவசர வகை (எக்ஸ்பெடைட்டட் சர்வீஸ்) பொருந்தக்கூடும். அதில் 7 நாளில் கார்டில் பணம் இருக்க வேண்டும். பொதுவாக இரண்டு வழி உண்டு. மாதத்தின் மொத்த வருமானம் 150 டாலருக்குக் கீழேயும் கையிருப்பு 100 டாலருக்கு மிகாமலும் இருப்பது ஒன்று. வருமானமும் கையிருப்பும் சேர்ந்து வாடகை, மின்சாரம் முதலிய செலவைவிடக் குறைவாக இருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. வருமானம் 900, பாங்கில் 200, வாடகை 1,300, மின்சாரம் 150 என்று வையுங்கள். 1,100 என்பது 1,450ஐவிடக் குறைவு, எனவே தகுதி உண்டு. அடையாள அட்டை மட்டும் உடனே வேண்டும், மற்ற ஆவணங்களைப் பிறகு கொடுக்கலாம். கூப்பிட்டு, "அவசர வகைக்கு என்னைப் பார்த்தீர்களா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

முதல் மாதத் தொகை குறைவாக வந்தால் பதறாதீர்கள். 20ஆம் தேதி விண்ணப்பித்தால் 30இல் 11 பங்குதான். தனி ஆளுக்கு 2026 நிதியாண்டின் உச்சத் தொகை 298 டாலர், அப்படியானால் 109 வரும். கணக்கில் 10 டாலருக்குக் கீழே வந்தால் அந்த முதல் மாதம் ஒன்றுமே ஏறாது.

கேள்வி: அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. இன்டர்வியூல பேரன் பேசலாமா?

மொழிபெயர்ப்பாளர் இலவசம், அலுவலகமே போன் லைனில் சேர்க்கும். பள்ளிக்கூடப் பிள்ளையை இதில் இழுக்காதீர்கள். ஒரு வார்த்தை மாறினால் வருமானக் கணக்கே மாறிவிடும். "தமிழ்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "இந்திய மொழி" என்றால் இந்தி பேசுபவர் வந்து சேருவார்.

கேள்வி: ராத்திரி 412 டாலர் இருந்துச்சு. காலைல கடைல பில் போட்டா 3 டாலர்தான் இருக்குங்கறாங்க. என்ன செய்யணும்?

முதலில் ஆப்பிலோ தளத்திலோ பரிவர்த்தனைப் பட்டியலைத் திறங்கள். கடைப் பெயர், ஊர், நேரம் மூன்றையும் பாருங்கள். நீங்கள் கால் வைக்காத ஊரில், நடுராத்திரியில் என்றால் கார்டை யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள். கடையின் கார்டு இயந்திரத்தின் மேல் போலி மூடியைப் பொருத்தி, காந்தப் பட்டையையும் பின் நம்பரையும் திருடுவது வழக்கமான வேலை. உடனே கார்டை முடக்கி, புதுக் கார்டும் புதுப் பின்னும் வாங்குங்கள். மாநில அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கசப்பான செய்தி: 2024 டிசம்பர் 20க்குப் பிறகு நடந்த திருட்டுக்கு மத்திய அரசுப் பணத்தில் ஈடு கிடையாது. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் தருகின்றன, அதைக் கேட்டுவிடுங்கள்.

இனிமேலுக்கு: பணம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவு பின்னை மாற்றுங்கள். திருடர்களுக்கும் அந்தத் தேதி தெரியும். ஆப்பில் வெளி மாநிலப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் பூட்டும் வசதி இருந்தால் பூட்டி வையுங்கள்.

பட்டியலில் இருப்பது உங்கள் கடையே, ஒரே தொகை இரண்டு முறை என்றால் அது திருட்டு அல்ல, இயந்திரக் கோளாறு. ரசீதோடு 90 நாளுக்குள் புகார் செய்தால் 10 வேலை நாளுக்குள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ரெண்டு பேர் குடும்பம். 546 வந்துட்டிருந்தது, இப்ப 491. வருமானம் மாறவே இல்ல.

55 டாலர் குறைந்திருக்கிறது. இது 546இல் ஏறக்குறைய பத்தில் ஒன்று. அந்த விகிதம் கண்ணில் பட்டாலே பழைய மிகைத் தொகையை (முன்பு தகுதிக்கு மேல் கொடுத்துவிட்ட பணத்தை) மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மோசடி இல்லாத மிகைத் தொகைக்கு மாதம் 10 சதவீதம் அல்லது 10 டாலர், இதில் எது அதிகமோ அது பிடிப்பு. மோசடி என்று தீர்ப்பானால் இரண்டுமே 20. அலுவலகமே செய்த தவறாக இருந்தாலும் பிடிப்பார்கள், அதுதான் எரிச்சல். இதற்கு முன்பே ஒரு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும்.

நோட்டீஸில் இரண்டு தேதி இருக்கும்: அனுப்பிய தேதி, நடைமுறைக்கு வரும் தேதி. பணத்தைக் குறைக்கும் நோட்டீஸுக்கு இடையில் பொதுவாக 10 நாளாவது இருக்கும். அதற்குள் மேல்முறையீடு கேட்டால் முடிவு வரும்வரை பழைய தொகையே தொடரும். ஆனால் தோற்றால் அதையும் திருப்பித் தர வேண்டும். 10 நாள் போனாலும் 90 நாள் வரை விசாரணை கேட்கலாம், பழைய தொகை மட்டும் தொடராது. அவர்கள் தவறால் குறைவாக வந்திருந்தால் 12 மாதம் வரை பின்தேதியிட்டு வாங்கலாம்.

கேள்வி: 2025 நவம்பர்ல எங்களுக்கு மட்டும் நின்னுச்சா, எல்லாருக்குமா?

உங்களுக்கு மட்டும் அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு முடங்கியது, அதனால் நவம்பர் பணம் பல மாநிலங்களில் தாமதமாகவும் துண்டு துண்டாகவும் வந்தது. முடக்கத்தை முடித்த சட்டமே 2026 செப்டம்பர் 30 வரை ஸ்நாப்புக்கு நிதி ஒதுக்கியது. 2019 முடக்கத்தில் நடந்தது நேர்மாறு. பிப்ரவரிப் பணத்தை ஜனவரி 20க்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள். கூடுதல் பணம் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் பிப்ரவரி முழுக்கக் கஷ்டப்பட்டார்கள்.

கேள்வி: எனக்கு 58 வயசு, பிள்ளைங்க கூட இல்ல. மூணு மாசம் வாங்கினேன், திடீர்னு நிறுத்திட்டாங்க.

2025 ஜூலைச் சட்டம் வேலை விதியின் வயது வரம்பை 54இலிருந்து 64க்கு ஏற்றிவிட்டது. மாதம் 80 மணி நேரம் வேலை, பயிற்சி, அல்லது தொண்டுப் பணி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 36 மாதத்தில் 3 மாதம்தான். உடல் நலமில்லை என்றால் மருத்துவரிடம் "வேலை செய்ய இயலாது" என்று எழுதி வாங்கிக் கொடுங்கள், விலக்கு கிடைக்கும். வீட்டில் 14 வயதுக்குக் கீழ் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் விலக்கு உண்டு. ஒருமுறை நின்றாலும், 30 நாளில் 80 மணி நேரம் வேலை செய்து காட்டித் தகுதியைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: டெக்சாஸ்ல இருந்து ஜார்ஜியா வந்துட்டோம். பழைய கார்டு இங்க வேலை செய்யுது. ஆனா இங்க போட்ட விண்ணப்பம் நகரவே மாட்டேங்குது.

கார்டு எந்த மாநிலத்திலும் ஓடும், கேஸ் ஓடாது. டெக்சாஸில் கேஸ் திறந்திருக்கும்வரை ஜார்ஜியா உங்களைச் சேர்க்காது. ஒரே மாதத்துக்கு இரண்டு மாநிலத்தில் வாங்கக் கூடாது. டெக்சாஸில் மூடச் சொல்லி, கடைசி மாதம் எது என்று எழுதிய கடிதத்தை வாங்கி இங்கே பதிவேற்றுங்கள். ஜார்ஜியாவில் பணம் 5 முதல் 23ஆம் தேதிக்குள் ஏறும். அதனால் மாற்றம் நடக்கும் மாதத்தில் சில வாரம் இடைவெளி விழலாம், அரிசி பருப்பை அதற்கேற்ப வாங்கி வையுங்கள். டெக்சாஸ் கார்டில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 274 நாள் தொடாமல் கிடந்தால் பணத்தை அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: புயல்ல ரெண்டு நாள் கரன்ட் இல்ல, ஃப்ரிட்ஜ்ல இருந்த எல்லாம் கெட்டுப்போச்சு. அந்தப் பணம் திரும்ப வருமா?

வரும், ஆனால் கெட்டுப்போன 10 நாளுக்குள் அலுவலகத்தில் சொல்லி, கையெழுத்திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். ஸ்நாப் பணத்தில் வாங்கிய உணவின் மதிப்புக்குத்தான் ஈடு, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதத் தொகை. கொட்டுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார நிறுவனத்தின் தடை அறிவிப்பு இருந்தால் அதையும் சேருங்கள். சில மாநிலங்களில் பெரிய புயலுக்குப் பிறகு அலுவலகமே மொத்தமாக ஈடு ஏற்றுவதும் உண்டு. அந்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் படிவத்தைத் தேடுங்கள்.