எடின்பரோவில் பால் பொங்குமா?

கேள்வி: ஆண்டு இறுதி விடுமுறையில் பிள்ளைகள் அனைவரும் என் வீட்டில் கூடுவதும், பொங்கலன்று மீண்டும் வந்து சேருவதும் எங்கள் குடும்ப வழக்கம். இந்த முறை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணிபுரியும் மகன், டிசம்பர் நடுவில் வந்து பொங்கல் முடிந்து திரும்பலாம் என்று அழைக்கிறான். கேமரன் மலையிலேயே நடுங்கியவள் நான். முட்டி வலியும் உண்டு. அதைவிட, ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) என் மாமியார் காலத்திலிருந்து ஓர் ஆண்டும் விடாமல் வைத்த பொங்கல் என்னோடு நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் இளைய மகள் போய்வரச் சொல்கிறாள். போகலாமா?
– 63 வயது வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போய்வாருங்கள். ஆனால், உங்கள் அச்சத்தை வீண் பயம் என்று நான் தள்ளிவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, கோயில் திடலில் ஊரே கூடி வைத்த பொங்கல் அவரவர் வாசலுக்குச் சுருங்கியதைக் கண்டவர்கள், இருக்கும் ஒரு பானையை இறுகப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. எனினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: உங்கள் மாமியார் ரப்பர் விறகை மூட்டி மண் தரையில் வைத்த பொங்கலை, நீங்கள் தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் எரிவாயு அடுப்பில்தான் வைத்துக்கொண்டிருப்பீர்கள். வழக்கம் ஏற்கெனவே ஒருமுறை வீடு மாறிவிட்டது. அதை மாற்றிய கை உங்களுடையதுதான்.

இந்த ஆண்டு வீட்டுப் பொங்கலை இளைய மகளிடம் ஒப்படையுங்கள். உதவிக்கு மட்டும் நின்று பழகியவர்களுக்குப் பால் பொங்கும் பதமும் அரிசி களையும் அளவும் கைக்கு வருவதில்லை என்பது என் அனுபவம். குளிர்காலத்தில் பிரிட்டனைவிட மலேசியா எட்டு மணி நேரம் முன்னே செல்வதால், மகள் காலை 7.30க்குப் பானை வைக்கும்போது உங்களுக்கு முந்தைய இரவு 11.30 ஆகியிருக்கும், கைப்பேசியில் பார்த்துக் குலவையிட்டுவிட்டு உறங்கலாம். மறுநாள் அங்கே நீங்கள் விடியற்காலையில் எழ வேண்டியதும் இல்லை, ஏனெனில் ஜனவரி நடுவில் எடின்பரோவில் சூரியன் உதிப்பதே காலை 8.30க்குப் பிறகுதான். பிற்பகல் நான்கு மணியளவில் மறைந்துவிடும் அந்தச் சூரியனுக்குப் பொங்கல் படைக்கும்போது, நம் ஊர் வெயிலைத் திட்டிய நமக்கே அதன் அருமை புரியும்.

குளிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே ஜனவரியில் பகலில் 7 பாகையும் இரவில் ஓரிரு பாகையும் இருப்பது இயல்பு. ஆனால் படங்களில் காணும் வெண்பனியை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள், பெரும்பாலும் வாய்ப்பது மழையும் குடையைப் புரட்டும் காற்றுமே. தடித்த ஒரே சட்டையைவிட, உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி என அடுக்கி அணிவதே நல்லது. பருத்தியை உள்ளே அணிந்தால் வியர்வை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடலைக் குளிரவைக்கும். காலுக்குச் சரியாக இருக்கும் காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பதும் தவறு; இறுக்கமானால் கால் மேலும் சில்லிடும். வீட்டில் அறை வெப்பம் 18 பாகைக்குக் குறையாமல் மகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சி அவர் தயங்கினாலும் நீங்கள் தயங்க வேண்டாம். அந்தச் சூடு காற்றை உலர்த்துவதால், தேங்காய் எண்ணெயை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முட்டிக்கு நான் அஞ்சுவது குளிரைவிட, நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் பனிப்படலத்தைத்தான். உறைபனி விழுந்த காலையில் வெளியே போகாமல் இருந்துவிடுங்கள், போயே ஆகவேண்டுமானால் கையைப் பையில் விடாமல் சிறு சிறு அடியாக வையுங்கள். புறப்படுமுன் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

அவர்களுடைய விழாவையும் அருகிருந்து பாருங்கள். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான். அவர்களுக்கு நெடுங்காலமாகப் பெரிய நாள் ஹோக்மனே எனப்படும் டிசம்பர் 31 இரவு. நள்ளிரவுக்குப் பின் வாசலை முதலில் மிதிப்பவர் கருமுடி ஆணாக, கையில் நிலக்கரியோ ஷார்ட்பிரெட் பிஸ்கட்டோ கொண்டு வந்தால் அந்த ஆண்டு வளம் பெருகும் என்பது நம்பிக்கை. உங்கள் மகனுக்குத் தலை நரைக்காமலிருந்தால் அண்டை வீட்டார் அவரைத்தான் அழைப்பார்கள்!

சாமான் கட்டும்போது ஒரு செய்தி: மலேசியாவிலிருந்து பயணிகள் பிரிட்டனுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது, ஆகவே நெய்யை அங்கேயே வாங்குங்கள். வெண்கலப் பானையையும் சுமக்காதீர்கள். மகன் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பானால் அதில் வெண்கலம் சூடேறாது. எவர்சில்வர் பானையாக இருந்தாலும் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பேத்தி இருந்தால் பானையின் கழுத்தில் மஞ்சள் கட்டுவதை அவளிடம் விடலாம்.

வெண்கலப் பானை இளைய மகளுக்கு. இந்த வாரமே கொடுத்து, புளி போட்டுத் துலக்கிவைக்கச் சொல்லுங்கள்.