எலக்ட்ரானிக் டிரம்ஸ்: கிட்டை விற்பதற்கு முன் டிரிகர் செட்டிங்கைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சர்ச்சில் பல வருடங்களாக அக்கூஸ்டிக் டிரம்ஸ் வாசிக்கிறேன். அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த பிறகு, வீட்டுப் பயிற்சிக்காக மெஷ் பேட் உள்ள குறைந்த விலை எலக்ட்ரானிக் கிட் ஒன்று வாங்கினேன். ஸ்னேரில் மெல்லத் தட்டினால் சத்தமே வருவதில்லை. கொஞ்சம் ஓங்கினால் எல்லா அடியும் ஒரே மாதிரி கேட்கிறது. ரோல் வாசித்தால் மெஷின் கன் மாதிரி இருக்கிறது. ஹை-ஹாட் முழுக்க மூடியிருக்கிறது, இல்லையென்றால் முழுக்கத் திறந்திருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. இதை விற்றுவிட்டுப் பெரிய கிட் வாங்கவேண்டுமா, அல்லது லேப்டாப்பில் டிரம் சாஃப்ட்வேர் போட்டால் போதுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் ஹை-ஹாட்டுக்கு மட்டும்தான் ஒருவேளை செலவு செய்ய நேரலாம். மற்றவை பெரும்பாலும் செட்டிங்கில் இருக்கும் கோளாறுகள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினாலும், அதுவும் இதே மாதிரிதான் ஒலிக்கும்.

காரணம் எளிது. மெஷ்ஷுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் கூம்பும், அதற்குக் கீழே பீஸோ சென்சாரும் இருக்கின்றன. அடி விழுந்ததும் அந்த அதிர்வு சிறு மின்னழுத்தமாக மாறுகிறது. கிட்டின் மூளையான மாட்யூல் அதன் உச்சத்தை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்குகிறது. இதுதான் வெலாசிட்டி. உங்கள் மணிக்கட்டு செய்த எல்லா நுணுக்கமும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியாகவேண்டும். சாஃப்ட்வேருக்குப் போவதும் இதே எண்தான். மெல்லிய அடி எண்ணாகவே மாறவில்லை என்றால் கோஸ்ட் நோட் (காதில் விழுந்தும் விழாததுமான மெல்லிய அடி) கிடையாது. சாதாரண அடியே 127-ஐத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் அழுத்தம் கொடுக்க இடமே இல்லை. மெஷின் கன் சத்தத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்: அடுத்தடுத்து ஒரே எண் போனால் ஒரே சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

கடையிலிருந்து வரும் செட்டிங் ரெடிமேட் சட்டை மாதிரி, யாருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. போதாக்குறைக்கு, ஷோரூமில் தட்டிப் பார்ப்பவருக்கு உடனே பெரிய சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகச் சற்றுத் தாராளமாகவே வைத்திருப்பார்கள். சர்ச்சில் நிஜ டிரம்ஸ் வாசிக்கும் கைக்கு இது ஒத்துவராது.

முதலில் மெஷ்ஷை இறுக்குங்கள். புதுக் கிட்டில் அது பெரும்பாலும் தளர்வாகத்தான் இருக்கும். தளர்ந்த மெஷ்ஷில் ஸ்டிக் குதிக்கும், ஓர் அடி இரண்டாகப் பதிவாகும், நடுவில் கூம்பின் மேல் விழும் அடி மட்டும் திடீரென்று உரத்துக் கேட்கும். டிரம் கீயால் எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றி அரைத் திருகு வீதம் இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஸ்னேர் நன்றாக இறுக்கமாகவும் ஃப்ளோர் டாம் சற்றுத் தளர்வாகவும் இருந்தால் கைக்குப் பழகிய உணர்வு வரும். இறுக்கினால் சுருதி ஏறாது. சுருதி மாட்யூலில்தான் இருக்கிறது, ஆகவே பயப்படாமல் இறுக்கலாம். அதன் பிறகும் நடுப்புள்ளி மட்டும் எகிறினால், இரண்டு அங்குலம் தள்ளி அடிக்கப் பழகுங்கள். கூம்பு நடுவில் உள்ள பேட்களின் பிறவிக் குணம் அது. (மெஷ்ஷைக் குறை சொல்கிறோம், ஆனால் 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 என்ற எலக்ட்ரானிக் கிட்டின் அறுகோண பேட்கள் கெட்டி பிளாஸ்டிக். வாசித்தவர்களின் மணிக்கட்டு பட்ட பாட்டுக்கு அது பேர்போனது. 1997-இல் ரோலண்டின் டிடி-10 மெஷ்ஷைக் கொண்டுவந்த பிறகுதான் கைகளுக்கு விடிவு.)

அப்புறம்தான் டிரிகர் செட்டிங், அதாவது அடியை மாட்யூல் எப்படி எண்ணாக்கவேண்டும் என்ற அளவுகள். மாட்யூலை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, ரீப்பர் மாதிரி ஏதாவது ஒரு ரெக்கார்டிங் மென்பொருளில் ஸ்னேரை மட்டும் பதிவு செய்யுங்கள். முதலில் உங்களால் முடிந்த மிக மெல்லிய தட்டு, பிறகு சர்ச்சில் கொடுக்கும் வழக்கமான பேக்பீட் (2, 4-ஆம் தாளத்தில் விழும் ஸ்னேர் அடி), கடைசியாக முழு பலத்தோடு ஓர் அடி. ஒவ்வொன்றையும் பலமுறை அடித்து, விழும் எண்களைப் பாருங்கள். என் கணக்கு இது: கோஸ்ட் நோட் 15-லிருந்து 35-க்குள், பேக்பீட் 100-ஐ ஒட்டி, 127 என்பது உண்மையிலேயே ஓங்கி அடிக்கும்போது மட்டும். பேக்பீட்டே 120-ஐத் தாண்டினால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். குறைத்ததும் கிட் சத்தம் போதாத மாதிரி தோன்றும். அது வால்யூம் குமிழைத் திருப்பவேண்டிய விஷயம், சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருடைய கிட் தட்டையாக ஒலிக்கிறது.

மெல்லிய தட்டு பதிவாகவே இல்லையென்றால் த்ரெஷோல்டு (இதற்குக் கீழான அடியைக் கணக்கில் எடுக்காதே என்கிற வரம்பு) அதிகமாக இருக்கிறது. பக்கத்து பேடை அடிக்கும்போதோ ஸ்டாண்டு ஆடும்போதோ தானாக ஒலிக்காத அளவுக்கு, எவ்வளவு கீழே போகமுடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். அடியின் பலம் எந்த விகிதத்தில் எண்ணாகவேண்டும் என்று சொல்லும் வெலாசிட்டி கர்வ் என்றொரு தேர்வு இருக்கும். அதை லீனியரிலேயே விடுங்கள். 'லவுட்' என்ற பெயரில் வரும் கர்வ்கள் மெல்லிய அடியையும் மேலே தள்ளி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். கை களைத்த ராத்திரியில் வாசிக்க சுகமாக இருக்கும், பயிற்சிக்கு ஆகாது.

அடுத்த இரண்டு செட்டிங்குகளில்தான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஸ்னேரை அடிக்கும்போது டாமும் லேசாக ஒலித்தால் அது கிராஸ்டாக். அதைத் தடுக்கும் அளவைத் தானாக ஒலிக்கிற பேடுக்கு மட்டும், ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். எல்லா பேடுக்கும் அள்ளிப் போட்டால், இரண்டை ஒன்றாக அடிக்கும்போது மெல்லிய அடி காணாமல் போகும். ஹை-ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்து விழும் இடங்களில் ஹை-ஹாட் அவ்வப்போது தொலைகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், இதைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு முன் பேட்களைத் தாங்கும் சட்டமான ராக்கின் கிளாம்ப்புகளை இறுக்கிப் பாருங்கள். ஆடாத ராக்கில் கிராஸ்டாக் பாதியாகக் குறையும்.

இன்னொன்று ரீடிரிகர் அல்லது மாஸ்க் டைம். ஓர் அடிக்குப் பிறகு இத்தனை மில்லி செகண்டுக்கு அந்த பேட் வேறு எதையும் கேட்காதே என்கிற கட்டளை அது. 120 டெம்போவில் 32-ஆம் நோட்டுகளுக்கு இடையே சுமார் 62 மில்லி செகண்டு இருக்கிறது, ஆகவே வேகமான ரோலுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஃப்ளாம் (இரண்டு கையும் ஏறத்தாழ ஒன்றாக விழும் அடி) வாசிக்கும்போது இரண்டு ஸ்டிக்குகளுக்கு நடுவே 20, 30 மில்லி செகண்டுதான் இருக்கும். மாஸ்க்கை அதற்கு மேல் வைத்தால் ஃப்ளாம் ஒற்றை அடியாகிவிடும். கிக்குக்கு அதிகமாக வைக்கலாம், ஸ்னேருக்கு முடிந்தவரை குறைவாக. பஸ் ரோல் (ஸ்டிக்கை அழுத்தித் துள்ளவிட்டு இடைவிடாத இரைச்சலாக வாசிப்பது) மட்டும் எப்படிச் செட்டிங் செய்தாலும் இந்த விலையில் திருப்தியாக வராது. அதைச் சர்ச்சில் நிஜ ஸ்னேரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஹை-ஹாட்டுக்கு வருவோம். உங்கள் பெடல் வெறும் ஸ்விட்சா, அழுத்தும் அளவைத் தொடர்ச்சியாகச் சொல்லும் கன்ட்ரோலரா என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். பெடலை மெல்ல மெல்ல அழுத்தியபடி லேப்டாப்பில் மிடி (இசைக்கருவிகள் எண்களாகப் பேசிக்கொள்ளும் முறை) கன்ட்ரோலர் 4-ஐக் கவனியுங்கள். எண்கள் வரிசையாக ஏறினால் அது தொடர்ச்சியான பெடல். அப்படியென்றால் உங்களுக்குத் தேவை கேலிபிரேஷன் மட்டும்தான்: முழுக்க மூடிய நிலையையும் திறந்த நிலையையும் மாட்யூலுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி திறந்த ஒலி தானாக வரும். 0-விலிருந்து 127-க்குத் தாவினால் அது ஸ்விட்ச்தான். மாட்யூல் தொடர்ச்சியான பெடலை ஏற்கும் என்று மேன்யுவலில் இருந்தால், முதல் பணத்தை அதில் போடுங்கள். ஏற்காத மாட்யூலுக்கு விலையுயர்ந்த ஹை-ஹாட் வாங்கி மாட்டுவது வீண்.

இதெல்லாம் முடிந்தபின் சத்தம். மாட்யூலில் நூறு கிட் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நிதானமான ஒரு அக்கூஸ்டிக் கிட்டைத் தேர்ந்து, ரிவெர்பைக் குறைத்து, ரூம் ஒலியை மட்டும் கொஞ்சம் வைத்து, ஸ்னேரின் சுருதியை நீங்கள் சர்ச்சில் வைப்பதுபோல மாற்றினாலே வேறு கிட் மாதிரி ஆகிவிடும். ஹெட்ஃபோன் மூடிய வகையாகவும் வயர் உள்ளதாகவும் இருக்கட்டும். புளூடூத்தில் பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம், அதில் டிரம்ஸ் வாசிக்கவே முடியாது.

சாஃப்ட்வேருக்குப் போக ஆசை வந்தால், காசு கொடுக்காமல் எம்டி பவர் டிரம் கிட்டில் தொடங்கலாம். பணம் கொடுத்து வாங்கும் சுப்பீரியர் டிரம்மர் 3 போன்றவற்றில் என்ன விசேஷம் என்றால், ஒரே ஸ்னேரை மெல்லிய அடியிலிருந்து பலத்த அடிவரை பல அடுக்குகளாகவும், ஒவ்வொரு அடுக்கிலும் பல தடவை திரும்ப அடித்தும் பதிவு செய்திருப்பார்கள். மெஷின் கன்னின் மீதிப் பாதி அங்கேதான் ஒழியும். அதன் சாம்பிள் தொகுப்பு 230 ஜிபி-க்கு மேல், லேப்டாப்பில் இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் உங்கள் மாட்யூலுக்கான மிடி மேப்பிங்கைத் தேர்ந்தெடுக்க மறக்கவேண்டாம். இல்லையென்றால் ரிம் ஷாட் (விளிம்பையும் சேர்த்து அடிக்கும் அடி) அடித்தால் கௌபெல் கேட்கும்.

லேப்டாப்பில் உண்மையான எதிரி தாமதம். விண்டோஸின் சாதாரண ஆடியோ டிரைவரை நம்பாதீர்கள், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) என்றால் சுமார் 3 மில்லி செகண்டு, 256 என்றால் 6. மாட்யூலும் இன்டர்ஃபேஸும் தங்கள் பங்குக்குச் சில மில்லி செகண்டு சேர்க்கும். மொத்தம் 10-க்குள் இருந்தால் கை குழம்பாது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லி செகண்டு ஆகிறது, எனவே மேடையில் ஸ்பீக்கர் தள்ளி இருக்கும்போது இந்த அளவுத் தாமதத்தோடு நீங்கள் ஏற்கெனவே வாசித்திருப்பீர்கள். 128-இல் தொடங்கி, ஒலி வெடித்து வெடித்துக் கேட்டால் 256-க்குப் போங்கள். மாட்யூலின் சொந்த ஒலியும் சாஃப்ட்வேர் ஒலியும் ஒன்றாகக் கேட்காதபடி ஒன்றை அணைத்துவிடவும் வேண்டும்.

கீழ் வீட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஹெட்ஃபோனில் நீங்கள் கேட்காத கிக் பெடலின் அதிர்வு தரை வழியாக அவர்களுக்குப் போகும். வெறும் பாய் அதைத் தடுக்காது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்துச் செய்யும் மேடை ஓரளவு தடுக்கும்.

பிற்பாடு பணம் சேர்ந்தால் முழுக் கிட்டையும் மாற்றாதீர்கள். 8 அங்குல ஸ்னேர் பேடுக்குப் பதிலாக 12 அங்குலம் போடுங்கள். கை இடறாமல் விழ இடம் கிடைக்கும், ரிம் ஷாட்டும் கிராஸ் ஸ்டிக்கும் (ஸ்டிக்கைக் குறுக்கே வைத்து விளிம்பில் தட்டுவது) ஒழுங்காக வரும், அதைப் பெரிய கிட்டுக்கும் எடுத்துப்போகலாம். ரோலண்ட் 2016-இல் டிடி-50-உடன் கொண்டுவந்த டிஜிட்டல் ஸ்னேர் போன்றவை பல சென்சார்களால் அடி விழுந்த இடத்தையும் அறியும். ஆனால் அவை யூஎஸ்பி வழியாக இணைபவை, அதற்கென்று வசதி உள்ள மாட்யூலோடு மட்டுமே வேலை செய்யும். உங்கள் மாட்யூலில் செருகப் பார்க்காதீர்கள்.

இத்தனையும் செய்தபிறகும் ஒரே ஒரு பேட் மட்டும் மெல்லிய அடியை விழுங்கினால், முதலில் கேபிளைப் பக்கத்து பேடோடு மாற்றிப் பாருங்கள். குறை கேபிளோடு நகர்ந்தால் புதிய ஸ்டீரியோ கேபிள் போதும். பேடிலேயே நின்றால் மெஷ்ஷைக் கழற்றி, கூம்பு நகர்ந்திருக்கிறதா, பீஸோவின் பசை விட்டிருக்கிறதா, வயர் பற்றவைத்த இடம் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கேரண்டி இருக்கும் கிட் என்றால் திறக்காமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.