மருத்துவர் பதில்கள்: புராஸ்டேட் மாத்திரையும் அதன் விலையும்

கேள்வி: அமெரிக்காவில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அண்ணனுக்கு வயது 71. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கியும் நோய் திரும்பியதால், என்சலுடமைடு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இருந்தும் கையை விட்டுப் பணம் போகிறதே என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிடுகிறார். ஹார்மோனையே அடக்கிய பிறகு இந்த மாத்திரை எதற்கு?

— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் அண்ணன் இதைத் தம் மருத்துவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். பக்கவிளைவுகளைப் பார்த்து மருத்துவரே அளவைக் குறைப்பது உண்டு. செலவுக்குப் பயந்து நோயாளி தாமாகக் குறைத்துக்கொள்வது வேறு. இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 6 நாட்கள் ஆகும் என்பதால், ஒரு நாள் விட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதையே வழக்கமாக்கினால், சில வாரங்களில் ரத்தத்தில் இருக்க வேண்டிய மருந்தில் பாதிதான் இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. சிறுநீரகங்களின் மேலே அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் ஓரளவு ஆண் ஹார்மோன்களைத் தருகின்றன. புராஸ்டேட் செல்லுக்குள் நுழையும் டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் மிகுந்த ஹார்மோனாக மாற்றுகிறது. அது ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்ததும், அந்த ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் சென்று டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, செல் உயிரோடிருக்கவும் பெருகவும் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ.வும் அப்படி இயக்கப்படும் ஒரு மரபணு தரும் புரதம்தான். ஹார்மோன் வரத்து நின்றால் இந்தச் செல்களில் பெரும்பாலானவை மடிகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் இதை 1941-இல் நோயாளிகளிடமே காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் பிழைத்துக்கொள்ளும் சில செல்கள் ஏற்பியின் எண்ணிக்கையைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்டு, மிச்சம் மீதி இருக்கும் ஹார்மோனிலேயே வளரத் தொடங்குகின்றன. சில செல்கள் தமக்குத் தேவையான ஹார்மோனைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. ஊசிக்குப் பிறகும் நோய் திரும்புவதற்கு இவை முக்கியக் காரணங்கள். என்சலுடமைடு ஹார்மோனின் அளவைத் தொடுவதில்லை. அந்த ஏற்பியையே பிடித்துக்கொண்டு, உட்கருவுக்குள் போகாமல் தடுக்கிறது. ஏற்பிகள் பெருகிவிட்ட செல்லில் மருந்து குறையும்போது, பிடிபடாத ஏற்பிகள் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும் என்பதே என் கவலை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 முதல் மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில் ஒருவர் தம் கையிலிருந்து கட்டும் தொகைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்ற உச்சவரம்பு வந்தது. 2026-இல் அது 2,100 டாலர். அதை மாதத் தவணைகளாகப் பிரித்துக் கட்டவும் வழி உண்டு, ஆனால் நாமே கேட்டுப் பதிவு செய்தால்தான் கிடைக்கும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தனி உதவித் திட்டமும் இருக்கிறது. அண்ணன் இவற்றைத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கட்டும்.

கேள்வி: பாடுபட்டு மருந்தைத் தயாரித்த நிறுவனத்திடம் அரசு விலையைக் குறைக்கச் சொல்வது நியாயமா? ஆராய்ச்சி நின்றுபோகாதா?

— வாசகி, மதுரை

பதில்: மேலே சொன்ன மருந்தையே எடுத்துக்கொள்வோம். என்சலுடமைடு பிறந்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியும் சேர்ந்த உழைப்பில். நோயாளிகளிடம் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவந்த பெருஞ்செலவு நிறுவனங்களுடையது என்பதையும் மறுக்கக் கூடாது. இருந்தும், வரியாகக் கொடுத்து ஆராய்ச்சிக்கு உதவிய அதே மனிதர், முதுமையில் மருந்துக் கடையில் மாத்திரைகளை எண்ணி எண்ணி வாங்குவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

அரசு நிதியில் பிறந்த மருந்து மக்களுக்கு நியாயமான முறையில் கிடைக்காவிட்டால், வேறு நிறுவனங்களுக்கும் தயாரிப்பு உரிமை கொடுக்க 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தும்படி நோயாளிகள் சிலர் விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் மறுத்துவிட்டது. மெடிகேரே பேரம் பேசலாம் என்றால், 2003-இல் வந்த சட்டம் அதற்குத் தடை போட்டிருந்தது. அந்தத் தடையைத் தளர்த்தியது 2022 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம்தான். அதன்படி இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு 2025 ஜனவரியில் தேர்வான 15 மருந்துகளில் என்சலுடமைடும் ஒன்று. பேசி முடித்த விலை 2027-இல் நடைமுறைக்கு வருகிறது.

ஆராய்ச்சி குறையும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. உயிருள்ள செல்களில் உருவாக்கப்படும் உயிரியல் ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்து 13 ஆண்டுகளுக்குப் பிறகே பேசிய விலை பொருந்தும் என்ற சட்டம், மாத்திரைகளுக்கு 9 ஆண்டுகளே தருகிறது. இதனால் மாத்திரை ஆராய்ச்சியிலிருந்து முதலீடு விலகும் என்று நிறுவனங்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. அதற்கு அந்தக் கால வேறுபாட்டைச் சரிசெய்யலாம். பேச்சுவார்த்தையையே கைவிட வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. இந்த உச்சவரம்பும் பேசிய விலையும் மெடிகேரில் இருப்பவர்களுக்கு மட்டுமே. மெடிகேர் பெரும்பாலும் 65 வயதில்தான் தொடங்குகிறது. 58 வயதில் இதே நோய் வந்து, வேலையோடு காப்பீட்டையும் இழந்த ஒருவருக்கு இச்சட்டம் எந்த விலைப் பாதுகாப்பும் தரவில்லை. அவருடைய செல்களில் வேலை செய்வதும் அதே ஏற்பிதான், தேவைப்படுவதும் அதே மாத்திரைதான்.