கென்யாவிலும் கரிசல் மண்தான், தம்பி!

கேள்வி: நானும் மனைவியும் பள்ளி ஆசிரியர்கள். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் அடுத்த மே மாதம் கென்யா போக நினைக்கிறோம். கூட 66 வயது அம்மா (சுத்த சைவம்), 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள். நகரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும், சஃபாரியும் போக வேண்டும். டிராவல்ஸ்காரர் ஏழு நாளில் நைரோபி, அம்போசெலி, நகுரு, மசாய் மாரா என்று நான்கையும் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். சரிவருமா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: முதலில் மே மாதத்தை மாற்றுங்கள் தம்பி. மார்ச்சிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் பல இடங்களில் மண் உங்கள் ஊர் மண்ணேதான், கறுப்புக் கரிசல். மழை பெய்த கரிசல் காட்டில் வண்டி என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணவரின் வேலைக்காக ஒன்பது வருடம் நைரோபியில் இருந்தேன். முதல் வருடம் விவரம் தெரியாமல் நாங்களும் மே மாதத்தில்தான் மாரா போனோம். ஓர் ஓடைக்கரையில் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. டிரைவர் ஜாக்கி வைத்தால் ஜாக்கியும் சேர்ந்து புதைகிறது. சிங்கம் திரிகிற புல்வெளி, யாரும் கீழே இறங்க முடியாது. இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அதுவரை என் மகள் என் புடவைத் தலைப்பை விடவே இல்லை.

காலாண்டு விடுமுறையில் போங்கள். முன்னும் பின்னும் தற்செயல் விடுப்பு சேர்த்தால் ஏழு நாள் தேறிவிடும். மண் காய்ந்திருக்கும். பக்கத்துத் தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியிலிருந்து மாரா ஆற்றைத் தாண்டி வந்த வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் அக்டோபர் வரை அங்கேதான் மேயும். ஒரே ஒரு சிக்கல், அது சீசன். மாராவுக்குள் நுழைய ஜூன் வரை பெரியவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் என்றால், ஜூலையிலிருந்து 200. டிராவல்ஸ்காரர் சொன்ன தொகையில் இந்தக் கட்டணம் சேர்த்தியா இல்லையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நான்கு இடம் வேண்டாம். நைரோபியிலிருந்து பார்த்தால் அம்போசெலி பூங்கா தெற்கே கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், நகுரு ஏரி வடமேற்கே, மாரா மேற்கே. ஏழில் மூன்று பகல் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும்; அம்மாவின் முழங்கால் தாங்காது. நைரோபி மூன்று ராத்திரி, மாரா மூன்று ராத்திரி, அவ்வளவு போதும்.

நைரோபியை வெறும் ஏர்போர்ட் ஊராக நினைத்துவிடாதீர்கள். 1946-இல் அமைத்த தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர், நகரத்தை ஒட்டியே இருக்கிறது. காலை ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள். காண்டாமிருகம் புல் மேய்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் வானத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிகின்றன! அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாராவில் காண்டாமிருகம் எளிதில் கண்ணில் படாது, அதை இங்கேயே பார்த்துவிடுங்கள். இங்கே காட்டு யானை கிடையாது. அதற்கு மாரா இருக்கிறது.

அன்றே பதினொரு மணிக்கு, தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம். ஒரு மணி நேரம்தான் அனுமதி, முன்பதிவு கட்டாயம். குட்டிகள் ஓடி வந்து புட்டியில் பால் குடிப்பதை உங்கள் சின்னது மறக்காது. பிறகு ஒட்டகச்சிவிங்கி மையம். உயரமான மேடையில் நின்று கையில் தீவனம் நீட்டினால் கருநீல நாக்கு நீண்டு வந்து சுருட்டிக்கொண்டு போகும். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும், உள்ளங்கையெல்லாம் கொழகொழவென்று எச்சில். மறுநாள் ரயில்வே மியூசியம். மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபிக்கு வரும் ரயில் பாதையைப் போட்டதில் நம் நாட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். நைரோபியில் பார்க்லாண்ட்ஸ் பக்கம் குஜராத்திகளின் சைவ ஓட்டல்கள் உண்டு. மாரா முகாமில் முன்கூட்டியே சொன்னால் தனியாகச் சமைத்துக் கொடுப்பார்கள். நைரோபி ஏறக்குறைய கோத்தகிரி உயரம், ஸ்வெட்டர் அவசியம். மாராவுக்குச் சாலை வழி ஐந்தாறு மணி நேரம். அம்மாவுக்காகச் சின்ன விமானத்தில் போவதென்றால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். சக்கரப் பெட்டியை நைரோபியில் விட்டுவிடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த இடத்தில்தான் போட வேண்டும், போட்டுப் பத்து நாள் கழித்தே செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு முதல் தடவை போடும்போது பக்கவிளைவு ஆபத்து கூடுதல். அதனால் அம்மாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். தசராவின்போது விளக்கேற்றிய மைசூர் அரண்மனையும், அங்கிருந்து நாகரஹொளே காடும் என்று அம்மாவோடு சேர்ந்தே போக ஒரு திட்டம் போட்டுத் தருகிறேன்.