தங்கா மரபை மேற்கத்திய பாணியோடு கலப்பது அம்மரபைச் சிதைப்பதாகாதா?

திபெத்திய பௌத்தர்கள் துணியில் தீட்டும், வழிபாட்டுக்குரிய தங்கா ஓவியத்தை இன்றைய ஓவியர்கள் தம் விருப்பம் போல் மாற்றுவது முறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நேபாளத்து ஓவியர் ட்செரின் ஷெர்பாவின் படைப்புகளை முன்வைத்தே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவருடைய ஓவியங்களை நேரில் கண்டதில்லை. படங்களின் வழியாகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

1968இல் காத்மாண்டுவில் பிறந்த அவர், 12 வயதிலிருந்து 6 ஆண்டுகள், தங்கா ஓவியரான தம் தந்தை உர்கென் டோர்ஜேயிடம் தொழில் பயின்றார். அது எளிய பயிற்சியன்று. பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தோல் பசையில் குழைத்த சுண்ணப்பொடியைப் பூசி, வழுவழுப்பாகும்வரை தேய்த்த பின்னரே அளவுக் கோடுகள் வரையப்படும். முகம், தோள், விரல் என ஒவ்வோர் உறுப்பும் நூல்கள் வகுத்த அளவில் அமைய வேண்டும். அதன் பிறகே சாதிலிங்கச் சிவப்பும், கல்லை அரைத்தெடுத்த நீலமும் பச்சையும், பொன்னும் ஏறும். தாளம் எனப்படும் உடலளவுக் கணக்கின்படி திருமேனி வடித்து இறுதியில் கண் திறக்கும் நம் சிற்பிகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது; தங்காவிலும் கண்கள் கடைசியாகவே தீட்டப்படுகின்றன.

தைவானில் கணினியியலும் சீன மொழியும் படித்துத் திரும்பி, தந்தையோடு மடாலயச் சுவரோவியங்கள் வரைந்த அவர், 1998இல் கலிபோர்னியாவில் குடியேறினார். மாற்றம் அங்கேதான் தொடங்கியது. மலைநாட்டில் ஊரையும் மடத்தையும் காத்து நின்ற உக்கிர தெய்வங்கள், தம்மை வணங்கியவர்களோடு புலம்பெயர்ந்தால் என்ன ஆவார்கள் என்ற கேள்வியாகவே அவருடைய புதிய ஓவியங்களை நான் காண்கிறேன். அவற்றில் அக்ரிலிக் வண்ணமும் பொன் தகடும் சேர்கின்றன. தெய்வ உடல்கள் நீர்ச்சுழியில் அகப்பட்டவை போல முறுகி உருகுகின்றன. உருவங்களைத் தவிர்க்கும் மேற்கத்திய அரூப ஓவியத்தின் பரந்த வண்ணவெளி பின்னணியாகிறது.

2015 ஏப்ரலில் நேபாளத்தைப் பூகம்பம் குலைத்த பிறகு அவர் வரைந்த ‘லக்சேஷன்’ வரிசை என்னை மிகவும் பாதித்தது. மூட்டு நழுவுவதைக் குறிக்கும் மருத்துவச் சொல் அது. அமெரிக்காவின் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் 16 தனித்தனி ஓவியத் துணிகள் இருக்கின்றன. அவற்றில் தெய்வ உடல் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது. கோயில்களும் வீடுகளும் இடிந்து கிடந்த நாட்டில், வழுவாத அளவில் முழு உருவம் ஒன்றை வரைந்திருந்தால்கூட இவ்வளவு உண்மையாக இருந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, என் பார்வையில் இது சிதைவன்று. தெய்வத் திருவுருவை எடுத்துப் புதுமைக்காக ஒட்டுவேலை செய்பவர்களும் உண்டு. அவர்களைக் குறித்து உங்களுக்குள்ள மனவருத்தம் எனக்கும் உண்டு. ஷெர்பாவோ எந்த மூட்டு எங்கே பொருந்த வேண்டும் என்பதைச் சிறுவயதிலேயே கையில் ஏற்றிக்கொண்டவர். அதனால்தான் அது நழுவும்போது நமக்கு வலிக்கிறது. மேலும், இவை பிரதிஷ்டை செய்து வணங்குவதற்காக வரையப்பட்டவையல்ல. 2022இல் வெனிஸ் பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக்காட்சியில் நேபாளம் முதன்முறையாகத் தனக்கென ஓர் அரங்கு அமைத்தபோது, அதை நிறைத்தவை அவருடைய படைப்புகளே. நீங்கள் பார்க்கத் தொடங்குவதானால், பழைய தங்கா ஒன்றை முதலில் நெடுநேரம் பார்த்துவிட்டு, பின்னர் ‘லக்சேஷன்’ ஓவியத்துக்கு வாருங்கள்.