கைபேசி வைத்திருந்தவனைச் சுட்டுவிட்டேன் என்று எழுதிய தம்பிக்கு

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நகைக்கடை ஜாகா (காவலாளி) வேலைக்குச் சேர்ந்து, பயிற்சியில் கைபேசி பிடித்திருந்த ஆள் படத்தை, ஆயுதம் வைத்திருப்பதாக நினைத்துச் சுட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். காகிதத்தோடு போனதே, அதுவே பெரிய விஷயம். முதல் மாதம் நானும் குடை பிடித்தவன் படத்தைச் சுட்டேன், இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கையில் குறையில்லை, கண் தப்பான இடத்தைப் பார்க்கிறது. முகத்தை விடுங்கள், முதலில் இரண்டு கைகளையும் பாருங்கள். அதுவரை விரல் துப்பாக்கி விசைக்கு வெளியே நீட்டியபடியே இருக்கட்டும். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்கவே மனிதனுக்குக் கால் நொடி ஆகிறது, சுடுவதா வேண்டாமா என்ற கேள்வியும் சேர்ந்தால் இன்னும் நீளும், விரல் விசையிலேயே இருந்தால் பதற்றம் முந்திக்கொள்ளும்.

1983இல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர், கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஏறக்குறைய 1.5 நொடியில் கடந்துவிடுவான் என்று எழுதினார். பாராங் கத்தியோடு ஒருவன் வந்தால் நின்ற இடத்தில் நிற்காமல் தூணுக்குப் பின்னால் நகருங்கள், சத்தமாக எச்சரியுங்கள். அப்படி நகரும் இரண்டு எட்டுதான் யோசிக்க நேரம் தரும்.

அப்புறம், மலேசியத் தண்டனைச் சட்டம் 99ஆம் பிரிவைப் படியுங்கள், தற்காப்பு என்றாலும் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. திரும்பி ஓடுகிறவனைச் சுட நினைக்கவே வேண்டாம்.

வீட்டில் துப்பாக்கி இல்லாமலே பழகலாம். தம்பியோ தங்கையோ சுவரைப் பார்த்து நின்று, கையில் பர்ஸ், சாவி, கரண்டி என்று எதையாவது வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பட்டும், நீங்கள் அது என்னவென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.