ஐடியு கவுன்சிலுக்கு ஒரு நாடு 'போட்டியிடுகிறது' என்றால் என்ன?

ஐடியு என்பது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு, தலைமையகம் ஜெனீவா. அதன் உறுப்பு நாடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு கூடி, 48 நாடுகளைக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த 48-இல் ஓர் இடம் கேட்பதுதான் போட்டி.

எதற்கு ஒரு கவுன்சில்? 190-க்கும் மேற்பட்ட நாடுகள் அடிக்கடி கூட முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டியைப் போட்டு, கணக்கு வழக்கைப் பார்க்கச் சொல்வார்களே, அதே கதைதான். கவுன்சில் ஆண்டுதோறும் கூடி பட்ஜெட்டைக் கவனிக்கும்.

இடங்கள் ஐந்து வட்டாரங்களுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆசியா, ஆஸ்திரேலியா வட்டாரத்துக்கு 13. ரகசிய வாக்கு. சீனாவுக்கும் ஒரு ஓட்டு, குட்டித் தீவான துவாலுவுக்கும் ஒரு ஓட்டு. அதனால்தான் சிறிய நாடுகளிடம் அவ்வளவு குழைவு! 'இதில் நீ எனக்கு, அதில் நான் உனக்கு' என்ற பேரமும் சகஜம். 2022 புக்கரெஸ்ட் மாநாட்டில் இந்தியாவும் போட்டியிட்டு மீண்டும் தேர்வானது.

அப்புறம், கவுன்சிலில் இடம் கிடைத்தால் இணையமே அந்த நாட்டின் கைக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இணைய முகவரிகளைப் பார்ப்பது ஐகேன் என்ற வேறு அமைப்பு, உள்நாட்டு அலைக்கற்றை ஏலம் அந்தந்த அரசின் வேலை.